ரோட்டர்டாம் போக அம்மனிடம் பூ கேட்டோம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் நெதர்லாந்து ரத்தானது.

காரணம்? என் வாய்தான்.

எங்கள் ஒரே மகள் கௌசல்யா, கணவனோடு ரோட்டர்டாமில் இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதானே நம் வழக்கம்? ஆனால் அவளால் இந்த நிலையில் இவ்வளவு தூரம் பறந்து வர முடியாது. சரி, நாமே போய்விடலாம் என்று நானும் என் மனைவி பழனியம்மாளும் முடிவெடுத்தோம்.

நான் ரிட்டயர்ட் சயின்ஸ் வாத்தியார். ப்ளான் போடுவது எனக்கு ஒரு வியாதி. எந்த டிராமில் ஏறுவது, எந்தப் பாலத்தைப் பார்ப்பது, எந்த ம்யூசியத்துக்கு எந்தக் கிழமை லீவ் - எல்லாம் ரெடி. விசாவுக்குச் சென்னையில் அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கியாகிவிட்டது. அந்த மிதப்பில்தான் உளறினேன்.

"தெரியுமா பழனியம்மா? நாம போற ஊர்ல பாதி, கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கு!"

சாமை புடைத்துக்கொண்டிருந்தவளின் முறம் நின்றது.

"கீழேன்னா? கடலு மேல, ஊரு கீழயா?"

"ஆமா. கரை கட்டி வச்சிருக்காங்க."

"மழ பேஞ்சா தண்ணி எங்கீங்க போகும்?"

"பம்ப் வச்சு வெளியே இறைச்சிடுவாங்க."

"கரண்ட் போனா?"

இங்கே கொல்லிமலைச் செம்மேட்டில் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும். அங்கே கரண்ட் போகாது என்று சொன்னால் இந்த மலையில் யார் நம்புவார்கள்?

"நான் வரலீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவளைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ராசிபுரத்துக்காரன், வேலைக்காகக் கொல்லிமலை ஏறியவன். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பேன். மலைமேலேயே, தேவனூர் நாட்டில் பிறந்த அவளோ, அத்தனை வளைவிலும் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அவளுக்கு உயரம் பயமில்லை. பள்ளம்தான் பயம். தண்ணீர் கீழே ஓடும், மனுஷன் மேலே இருக்க வேண்டும் - இதுதான் மலைக்காரர்களின் கணக்கு.

மகள் வீடியோ காலில் வந்தாள். பால்கனியிலிருந்து தெருவைக் காட்டினாள். "பாரும்மா, சொட்டுத் தண்ணி இல்லை."

"இப்பக் காஞ்சுதான் கெடக்கும் கண்ணு. வரும்போது சொல்லீட்டா வரும்?"

"அப்ப நீ வரமாட்டியாம்மா?"

மகளின் முகம் சுருங்கிப்போனதை இருவரும் பார்த்தோம். போனை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் பழனியம்மாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை, போகவும் பயம். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடைசியில், "அம்மன்கிட்டப் பூ கேட்டுப் பாக்கலாமுங்க. அவ சொல்றபடி செய்யலாம்" என்றாள்.

பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்ட பிறகு, பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். மறுபடி கேட்டால் அம்மனையே சந்தேகப்பட்டது போலாகிவிடும்.

வெள்ளிக்கிழமை போனோம். பூசாரி வேறு யாருமில்லை, பழனியம்மாளின் தம்பி சின்னராசு.

பொட்டலம் பிரிந்தது. சிவப்பு!

திங்கட்கிழமை விசா அப்பாயின்ட்மென்ட். அங்கே பிள்ளை தனியாகப் பிரசவ வலியில் கிடப்பாளே... பழனியம்மாள் படியிறங்கத் தொடங்கினாள்.

"அக்கா, நில்லு" என்றார் சின்னராசு. "அம்மன்கிட்ட என்னான்னு கேட்ட?"

"கடலுக்குக் கீழ இருக்கற ஊருக்குப் போலாமா தாயின்னு கேட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படிக் கேட்டா எந்தத் தாய் போன்னு சொல்லுவா? கௌசி பேரச் சொன்னியா?"

"இல்லடா..."

"பிரசவத்தச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப அந்தக் காரியத்த நீ இன்னும் கேக்கவே இல்லக்கா. இது வேற, அது வேற!"

என்ன ஒரு வாதம்! இவர் பூசாரியாகப் போனதில் வக்கீல்கள் பிழைத்தார்கள்.

மறுபடி பூ மடித்தார். இந்த முறை பழனியம்மாள் மனதுக்குள் கேட்கவில்லை. வாய்விட்டே கேட்டாள்.

"எம்புள்ளைக்குத் தலைப்பிரசவம். தாயூட்டுலதான் பாக்கோணும். அவளால வர முடியல. தாய் ஊடு அவகிட்டப் போலாமா, தாயி?"

அறிவியல் பாடம் நடத்திக் காலம் தள்ளியவன் நான். கை கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

இலை பிரிந்தது... வெள்ளை!

சின்னராசுவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டேன். "விடுங்க மாமா, கையில தீபத்தட்டு!" என்று அலறினார். பழனியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, அங்கேயே நின்று மகளுக்கு போன் போட்டாள். "கண்ணு, தாய் ஊடு வாருது. கவலப்படாத இரு!"

யோசித்துப் பார்த்தால், நாம் பாதி விஷயங்களில் இப்படித்தான் செய்கிறோம், இல்லையா? ஆசையைக் கேட்கப் போய், பயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். பயத்தைக் கேட்டால் பயத்துக்குத்தானே பதில் வரும்?

திங்கட்கிழமை சென்னையில், ஏதோ பட்டா வாங்க வந்தவள் மாதிரி கம்பீரமாகக் கைரேகை வைத்தாள் பழனியம்மாள். விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் பயணம்.

ப்ளான் இப்போது என் கையில் இல்லை. சுக்கு, மிளகு, பூண்டு, சாமை அரிசி என்று பெட்டி நிறைந்துவிட்டது. ம்யூசியம் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "பச்ச ஒடம்புக்காரிய உட்டுப்போட்டுப் படம் பாக்கப் போறீங்களா?" என்றாள். ம்யூசியம் அவுட்.

நேற்று பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ கனமாக இடித்தது. திறந்தால் - எங்கள் வீட்டுப் பெரிய டார்ச் லைட்!

"அம்மன்தான் உத்தரவு குடுத்தாச்சே, இது எதுக்கு?" என்றேன்.

"போகத்தானுங்க உத்தரவு குடுத்தா. கரண்டுக்கு அவ பொறுப்பில்லீங்க!"