கடைசிப் பாட்டிலிருந்து கேட்ட இசைத்தட்டு

அறுபதுகளின் நடுவில் என்னை வேலூரிலிருந்து ஆம்பூருக்கு மாற்றினார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே அங்கிருந்த மனமகிழ் மன்றத்துக்கு நான் கௌரவச் செயலாளர் ஆகிவிட்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தோல் முதலாளிகள். பகலெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மன்றத்திலும் பேனா பிடிக்க மனமில்லை. அரசாங்க குமாஸ்தா ஒருவன் அகப்பட்டதும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றத்தின் விதிகளை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பது பிறகு தெரிந்தது. அவற்றை எழுதியவரே படித்திருக்கவில்லை.

மன்றத்தில் பீரோ அளவுக்கு, ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த ஒரு ரேடியோகிராம் இருந்தது. செய்தி, கவ்வாலி, சினிமாப் பாட்டு எல்லாம் அதில் கேட்கலாம். ஞாயிறு மாலையில் மட்டும் சீட்டாடுகிறவர்களுக்கு அமைதி வேண்டும் என்று அதை மூடி வைத்துவிடுவார்கள். அந்த மாலையில் ஒரு மணி நேரம் தனக்கு வேண்டும் என்று கேட்டார் என் நண்பர்.

நண்பர் ஒரு தோல் முதலாளியின் இரண்டாவது மகன், என் வயதுதான். சரக்கு விஷயமாக மெட்ராஸ் போகும்போதெல்லாம் ஒரே ஓர் இங்கிலீஷ் பாட்டுக் குழுவின் இசைத்தட்டுகளாகப் பார்த்து வாங்கி வருவார். குழுவில் ஐந்து பேர். ஐவருக்கும் சீப்பு என்ற ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை என்று அட்டைப் படத்தைப் பார்த்தால் தெரியும். வாங்கிய தட்டுகளை வீட்டில் போட முடியாது. அவருடைய அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்த வேண்டும். எனவே கடையில் அரைகுறையாகக் கேட்டதோடு சரி. மற்ற நாட்களில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொள்வார்.

மன்றத்தின் நிர்வாகக் குழு கூடி யோசித்தது. முதலில் ஒரு தட்டைப் போட்டுக் காட்டட்டும், பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு, பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று முடிவானது. புதிய பொருள் எதுவானாலும் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத உறுப்பினர் ஒருவரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பில்லியர்ட்ஸ் மேஜை வாங்கிய காலத்தில் யாரோ கோபத்தில் சேர்த்த விதி. ஒன்றுமே தெரியாதவனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒருமனதாகத்தான்.

அன்று காலை நண்பர் என் அறைக்கு வந்து ஒரு பெரிய தட்டை மேஜைமேல் வைத்தார். அந்தக் குழுவின் மிகச் சிறந்த பாட்டுகளை ஒன்றாகத் திரட்டிய தட்டு.

“இதைத்தான் போடப் போறேன் சார். பேஜாரா இருக்குது.”

“இன்னா பேஜார்? சிறந்த பாட்டுன்னு அட்டையிலயே போட்டிருக்கானே.”

“அது யாருக்கு? ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு.”

நண்பருக்கு அந்தத் தட்டின்மேல் இருந்த கோபத்தை அப்போதுதான் கேட்டேன். தன் உயிரான பாட்டு ஒன்று அதில் இல்லை. வரிசை தப்பு. மழைக்காலத்தில் கேட்க வேண்டியதன் பக்கத்தில் கல்யாண வீட்டுப் பாட்டை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கடைசிப் பாட்டு.

“தட்டுல எடம் மிச்சம் இருந்துச்சுன்னு ஒரு கழிசடையத் திணிச்சு வெச்சிருக்கான் சார். அது வர்றதுக்குள்ள முள்ளைத் தூக்கிடணும். நீங்கதான் ஏதாவது பேச்சுக் குடுத்துப் பாத்துக்கணும்.”

எனக்கு அவர் கவலை புரியவில்லை. அவர் காதில் விழுந்தது அந்தத் தட்டில் இல்லாத பாட்டு. எனக்கோ அதில் இருப்பது எதுவும் தெரியாது என்பதால் இல்லாததைப் பற்றிக் குறையும் கிடையாது. இப்படிப்பட்ட தட்டுகளை என்னைப் போன்றவர்களுக்காகத்தான் போடுகிறார்கள் என்று அவர் வசவாகச் சொன்னதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் நிர்வாகக் குழுவின் பெரியவர்கள் மூவரும் ரேடியோகிராமுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மன்றத் தலைவர், நண்பரின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். நண்பர் அவரைச் சித்தப்பா முறையில் சாச்சா என்பார். நண்பர் தட்டைத் துடைத்து, முதல் பாட்டின்மேல் முள்ளைக் கொண்டுபோனார்.

“நில்லுப்பா,” என்றார் சாச்சா. “எங்கேருந்து போடற?”

“மொதல்லேருந்துதான் சாச்சா.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தோல் வாங்குகிறவர்கள் அடுக்கிக் கட்டிய கட்டை மேலிருந்து பார்க்க மாட்டார்கள். விற்கிறவன் நல்ல தோலை மேலே வைத்து, ஓட்டை விழுந்ததையும் கத்தி பட்டதையும் அடியில் வைப்பான். அதனால் கட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடித்தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். பிறகு நடுவிலிருந்து ஒன்றை உருவுவார்கள். இரண்டும் தேறினால் மிச்சத்தைப் பிரிப்பதே இல்லை.

“உங்கப்பன் உனக்கு இதைக்கூடச் சொல்லித் தரலியா? திருப்பிப் போடு. கடைசி உருப்படியை எடு.”

“இது தோல் இல்ல சாச்சா, பாட்டு!”

“விக்கற சரக்குதானே? போடு, போடு.”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் விதிகளை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கேட்க வேண்டும் என்று இருந்ததே தவிர, எங்கிருந்து என்று இல்லை. அதை அப்படியே சொன்னேன். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டையும் திருப்பினார்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. யாரோ கைதட்டினார்கள், ஒரு கிதார் அவசரமாக ஓடியது, பாடிக்கொண்டிருந்தவனுக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அவனை இழுத்துப் போய் முடித்தார்கள். நண்பர் தரையைப் பார்த்தபடி நின்றார். சாச்சாவின் விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு நடுவிலிருந்து ஒன்று. அது மூக்கால் அழுத பாட்டு. பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

“போதும், மூடு,” என்றார் சாச்சா. “நடு சுமார். அடி ஏ ஒன். கட்டு பாஸ்.”

“பெரிய பாட்டு ஒண்ணுகூட நீங்க கேக்கவே இல்லியே!”

“எதுக்கு? அதான் வாங்கியாச்சே.”

ஒன்றுமே தெரியாதவனின் கருத்தைக் கேட்டார்கள். சிரித்தவனின் பாட்டு எனக்கும் பிடித்தது என்று உண்மையைச் சொன்னேன்.

“தோஸ்த்துன்னு நினைச்சேன் சார் உங்கள,” என்று என் காதருகில் சொன்னார் நண்பர். கேட்ட ஞாயிற்றுக்கிழமை கைக்குக் கிடைத்துவிட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தன் சின்னத் தட்டுகளையெல்லாம் ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். உலகமே பாடிய பாட்டு என்று சொல்லி ஒன்றைப் போட்டார். சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார் சாச்சா. அவர் முகத்தில் சந்தேகம்.

“நல்லாத்தான் இருக்குது. ஜாஸ்தி நல்லா இருக்குது. இது மேல வெக்கற தோல் மாதிரி. அந்த சிரிக்கிறவனப் போடுப்பா.”

விட்டால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும் போலிருந்தது. நான் நடுவில் புகுந்து ஓர் ஏற்பாடு சொன்னேன். முதலில் சிரிக்கிறவன் பாட்டு ஒரு தரம். பெரியவர்கள் கேட்டுவிட்டுச் சீட்டுக்குப் போகலாம். மிச்ச நேரம் முழுக்க நண்பருடையது, யாரும் குறுக்கே பேசக் கூடாது. முனிசிபாலிட்டி வரி கட்டுகிற முகத்தோடு நண்பர் சம்மதித்தார்.

சிரிக்கிறவனை ஓடவிட்டு, அது முடியும்வரை வெளியே போய் சிகரெட் பிடித்தார். பெரியவர்கள் எழுந்து போனதும் உள்ளே வந்தார். பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் போட்டார். அந்தத் திரட்டில் விட்டுப்போன பாட்டு அது. கடையில் பாதி கேட்கும்போதே கடைக்காரர் அதை நிறுத்திவிட்டாராம். பாட்டு பாதியைத் தாண்டிப் போயிற்று. நண்பர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். செயலாளர் என்ற முறையில், அன்றைய நிகழ்ச்சியை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று நான் கேட்க ஆரம்பித்தேன்.

“சார்,” என்றார், என்னைப் பார்க்காமலே. “வாயை மூடிக்கினு கேளுங்க.”