பந்தலுக்குப் போன கப்பல் கதை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என்னுடைய காமிக்ஸ் புத்தகங்களை ஒரு மில்லே திரண்டு வந்து பாழாக்கியது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. தம்பி கிழித்துவிட்டான், எலி கடித்துவிட்டது என்றால் நம்புவார்கள். என் விஷயத்தில் அதைச் செய்தவர்கள் மீசை வைத்த ஆட்கள், தறி ஓட்டுகிறவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் நின்றவர் என் அப்பா.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரியில் அப்பா வேலை செய்த மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மில் சங்கு ஊதினால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமா, பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துக் கடைகளுக்குப் போடுகிற வேலையில் இருந்தார். கட்டுக்குள் எப்போதும் ஒரு பிரதி அட்டை கசங்கிப் போயிருக்கும். கடைக்காரர்கள் அதை வாங்கமாட்டார்கள். அந்தப் பிரதி சனிக்கிழமை காலையில் சின்ன மாமாவின் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிடும். தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டால், வாயில் பல்பொடி நுரையோடு ஓடுவேன்.

அந்த வருடம் ஒரு கப்பல் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. ஒற்றைக்கண் கேப்டன் ஒருவன், அவனுடைய மாலுமிகள், பனிக்கடலில் மாட்டிக்கொண்ட அவர்களுடைய கப்பல். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தன் பனி பிளந்து உள்ளே விழப்போகிற இடமாகப் பார்த்துத் 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவேன். கசங்கிய அட்டையைச் சோற்றுப் பானைக்கு அடியில் வைத்து நிமிர்த்துவேன். பழுப்புக் காகிதத்தில் உறை போட்டு, வார வரிசை தப்பாமல் தகரப்பெட்டியில் அடுக்குவேன். அம்மாவுக்கு இதைப் பார்த்தாலே எரியும். "பொட்டப்புள்ள பண்ற வேலையா இது?" என்பாள்.

மில்லில் முதலில் வேலைநிறுத்தம் என்றார்கள். பிறகு கதவடைப்பு என்றார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. சங்கு நின்றுபோனது. மில் கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் ஒன்று முளைத்தது. அப்பா காலையில் அங்கே போவார், உச்சி வெயிலில் வருவார், மறுபடியும் போவார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, என் பெட்டி திறந்து கிடந்தது. அப்பா மல்லாந்து படுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்து ஒற்றைக் கையில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! மடிக்காதப்பா!"

"இன்னா பாப்பா, புக்குதான?"

"அதுவும் நடுவுல இருந்து படிக்கிற. அதுக்கு முன்னாடி எவ்ளோ இருக்கு தெரியுமா?"

"அப்போ மொதல்லேருந்து எடுத்துக் குடு. எனக்கு இன்னா வேலையா கெடக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டார். மூன்றாம் நாள் என்னைக் கேட்காமலே அத்தனையையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிப் பந்தலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதற்குப் பிறகு என் புத்தகங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருவர் கேப்டனின் பாய்மரத்தில் பீடியால் ஓட்டை போட்டார். ஒருவர் டீ டம்ளரை வைத்து வடதுருவத்தில் ஒரு வட்டம் வரைந்தார். வெயில் ஏறினால் விசிறிக்கொள்வதற்கும் அதுதான். விரலை எச்சில் தொட்டுப் புரட்டாதவர் என்று அந்தப் பந்தலில் ஒருவரும் இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, எல்லாரும் எட்டிப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அப்பாவையே உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு படத்தையும் தூக்கிக் காட்டிக் காட்டிப் படித்தார்.

படித்து முடித்தால் விவாதம் ஆரம்பமாகும். அதுதான் எனக்குத் தாங்கவே முடியாது. அப்பாவின் பக்கத்துத் தறிக்காரரான பாய், கப்பல் சமையல்காரன்தான் உளவாளி என்று முதல் வாரத்திலிருந்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் மூஞ்சியப் பாரு. மொதலாளிக்குச் சேதி சொல்ற மூஞ்சி."

"கப்பல்ல ஏது பாய் மொதலாளி?"

"கப்பல் யாருதோ அவன்தான் மொதலாளி. கரையில குந்திக்கினு இருப்பான்."

இன்னொருவர், மாலுமிகளை ஒரு வார்த்தை கேட்காமல் கேப்டன் எப்படிக் கப்பலைத் திருப்பலாம் என்று சண்டைக்கு வருவார். கதை அப்படி இல்லை, முந்தின வாரத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறது என்று நான் விளக்க வாயெடுத்தால், "நீ சின்னப்புள்ள, உனக்குப் புரியாது" என்று என்னையே அடக்குவார்கள். என் கதை, என் புத்தகம்! சனிக்கிழமை வந்தால் நான் பந்தலுக்குள் நுழையும்போதே "கப்பல் வந்துட்டுது!" என்று சத்தம் போடுவார்கள். புத்தகம் என் கையிலிருந்து பிடுங்கப்படும். புத்தகத்தைச் சின்ன மாமாவிடம் வாங்கிவந்த நான், அதைக் கடைசி ஆளாகத்தான் படிப்பேன்.

ஒரு வாரம் ஒரு இதழே காணாமல் போய்விட்டது. அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று தெரிந்து, நான் அழுத அழுகையில் சின்ன மாமா என்னைச் சைக்கிளில் வைத்து ஆற்றுப்பாலம் தாண்டி மிதித்தார். அந்த வீட்டில் அரியாங்குப்பத்துக்காரரின் சம்சாரம் வாசற்படியில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு பக்கந்தான் இருக்குது, இரு பாப்பா" என்று சொல்லி, எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை எங்களை வெயிலில் நிற்கவைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் சின்ன மாமா சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரே நல்ல காரியம், எங்கள் வீட்டு ரேடியோ இல்லாமல் போனது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள் அம்மா. அலமாரியில் அது இருந்த இடம் காலியானதால், தப்பிப் பிழைத்து வந்த புத்தகங்களை அங்கே நிமிர்த்தி அடுக்கினேன். ரேடியோ சீக்கிரம் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கதை முடிகிற வாரம் வந்தது. அன்று விடிந்ததும் நான் கேட்ட முதல் சத்தம் சங்கு. அம்மா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "பாதிப் பேர உள்ள எடுத்துக்கினாங்களாம். உங்கப்பாவுக்கு மத்தியான ஷிஃப்டு" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. அப்பா எழுந்ததுமே பந்தலுக்குப் போய்விட்டிருந்தார். அதனால் சின்ன மாமா கொண்டுவந்த இதழை, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, நானே முதலில் படித்தேன். படித்துவிட்டு, அப்பாவின் சாப்பாட்டு கேரியரோடு எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன்.

யாரும் சத்தம் போடவில்லை. கோரைப்பாய்களில் பாதி சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மீதியில் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் காக்கிச் சட்டை போட்டிருந்தார். அவர் பக்கத்தில் பாய் லுங்கியோடு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடு பாப்பா" என்று பாய்தான் கேட்டார். "கேப்டன் இன்னா ஆனான்னு பாத்துடலாம். படி, நேரம் இருக்குது" என்று அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா படித்தார். அன்று படங்களைத் தூக்கிக் காட்டவில்லை. பனிப்பாறைகளுக்கு நடுவே மீட்புக் கப்பல் வருகிறது. அதில் பாதிப் பேருக்குத்தான் இடம். கேப்டன் ஒவ்வொருவராகக் கைகாட்டி ஏற்றுகிறான். அதுவரை சரியாகப் படித்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'அதோ, இன்னொரு கப்பல்!' என்று சமையல்காரன் கத்தினான். மிச்சம் இருந்தவர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். முற்றும்."

"அப்பா, தப்பு!" என்றேன். "அப்படி இல்லப்பா. இன்னொரு கப்பலே வரல. மிச்சப் பேரு பனியிலயே நிக்கிறாங்க, கேப்டன் அவங்களப் பாத்துக் கை ஆட்டுறான். அதோட முடிஞ்சிடுச்சு."

"சும்மா இரு பாப்பா."

"நான் படிச்சிட்டேம்பா! வேணும்னா பாரு!"

எதிரே சங்கு ஊதியது. அப்பா எழுந்து கேரியரை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டியும் அங்கேயே நின்றார்.

"போ, நேரமாவுது" என்றார் பாய்.

"வரேன் பாய்."

அவர் கேட்டுக்குள் போகும்வரை பாய் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் விட்டேனா? விரலை வைத்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா? எங்க இருக்குது இன்னொரு கப்பல்?"

பாய் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். மூடி என் கையில் கொடுத்தார்.

"உங்கப்பா படிச்சதுதான் பாப்பா சரி."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வாரம் என் புத்தகங்களைக் கந்தலாக்கியும் இவர்களுக்கு ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லையே! புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மா இரண்டு தரம் "சாப்புடு" என்றாள். அவர் சோற்றைத் தொடவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் தப்பாகப் படித்து மாட்டிக்கொண்ட வெட்கம்தான் என்று எனக்குப் பட்டது. கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கடைசிப் பக்கத்துல எழுத்து ரொம்பப் பொடிசுப்பா" என்றேன். "யாரா இருந்தாலும் தப்பாத்தான் படிச்சிருப்பாங்க."

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமா பாப்பா" என்றார்.