ஏகமனதாக ஜெபசிங்

பதினெட்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள். தாலுகா பஞ்சாயத்துத் தலைவர்கள் சங்கத்துக்குப் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தார் மில்லர்புரம் ஜெபசிங். ஒவ்வொரு வருடமும் ஏகமனதாக. பெரியதாழைக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று வருடம் தவறாமல் தீர்மானமும் போட்டார். தீர்மானம் மதராஸுக்குப் போனது. பெரியதாழைப் பெண்கள் குடத்தோடு மணலில் போனார்கள். அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள்.

ஏகமனது எங்கிருந்து வந்தது? ஆண்டுக் கூட்டம் எப்போதும் புதன்கிழமை. அன்று கடற்கரை ஊர்த் தலைவர்கள் கடலில் கிடப்பார்கள். அவர்கள் வலையைத் தொடாத நாள் ஞாயிறு மட்டும்தான். ஆகவே நிழலில் பிழைக்கிற ஏழெட்டுத் தலைவர்கள் வருவார்கள், கை தூக்குவார்கள், வடை தின்பார்கள். ஜனநாயகம் செழித்தது.

1948இல் ஒரு மந்திரி துறைமுகம் பார்க்க வந்தார். ஞாயிறு காலையில் கொஞ்ச நேரம் ஒழிவு என்று சொல்லியனுப்பினார். மந்திரி கையால் மாலை! ஜெபசிங் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். மாலையையும் அவரே வாங்கிவைத்தார்.

மனைவி ஜெபசெல்வி கேட்டாள். “கடக்கரக்காரங்க அன்னைக்குச் சும்மாதான இருப்பாங்க? வந்துட்டாங்கன்னா ஒங்க பதவி?”

“ஏளா, நம்ம சர்ச்சு ஐயர் பிரசங்கம் முடிய எத்தன மணியாவுது?”

“பன்னெண்டு.”

“அவங்க பூசையும் அப்படித்தான். அவங்க முட்டுக்கால விட்டு எந்திரிக்கதுக்குள்ள எனக்கு மால விழுந்துரும்.”

ஜெபசிங் புராட்டஸ்டண்டு. கடற்கரைக் கத்தோலிக்கர்களின் மாதா கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. தாம் தலைமை தாங்கும் ஜனங்கள் எத்தனை மணிக்குக் கும்பிடுகிறார்கள் என்று விசாரித்ததும் இல்லை.

மந்திரி மேடையில் உட்கார்ந்ததும் வாசலில் ஒரு கருவாட்டு லாரி வந்து நின்றது. கடற்கரை ஊர்த் தலைவர்கள் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். முன்னால் பெரியதாழை அம்புரோஸ். மந்திரி கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“என்னவே அம்புரோஸ், பூசை இல்லியா?” என்றார் ஜெபசிங்.

“மொதப் பூச விடியுமுன்னயே முடிஞ்சிட்டு அண்ணாச்சி. பூச முடியிற வர எங்க சாமியாரு ஒண்ணும் திங்கக்கூடாது, அவருக்குப் பசி தாங்காது. ஒங்க ஐயரு வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் பிரசங்கத்துக்கு ஏறுவாரு போல!”

கொட்டகை சிரித்தது. ஜெபசிங் மந்திரி பக்கம் குனிந்தார். “தேர்தலை வாற புதன்கிழமைக்குத் தள்ளி வைக்கலாங்கய்யா.”

“தண்ணியத்தான் வருசா வருசம் தள்ளி வைக்கீரு, தேர்தலையுமா?” என்றார் அம்புரோஸ். “இப்பமே நடத்துங்கய்யா. நானும் நிக்கேன்.”

மந்திரிக்குத் துறைமுகத்துக்கு நேரமாகிவிட்டது. கை தூக்கச் சொன்னார். முதலில் அம்புரோஸ் பெயர். லாரியில் வந்த அத்தனை கைகளும் எழுந்தன. வடைக்கு வந்தவர்கள் இடமும் வலமும் பார்த்தார்கள். மந்திரி முன்னால் தோற்கிற பக்கம் நிற்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? அந்தக் கைகளும் எழுந்தன.

அடுத்தது ஜெபசிங் பெயர். அவர் தம் கையை நன்றாக நீட்டித் தூக்கினார். மந்திரி எண்ணினார்.

ஒன்று.