காலர் மட்டும்

சட்டைக் காலர் தைப்பதில் என்னை மிஞ்ச தாராவியில் ஆள் கிடையாது. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நான் தைத்த காலர் கோணியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் எனக்கு முதலில் கிடைத்தது பள்ளிக்கூடத்தில்.

எட்டாம் வகுப்பில் தொழில் பாடம் வைத்தார்கள். பையன்களுக்கு வயரிங், எங்களுக்குத் தையல். வாப்பா சட்டை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். கீழே மிஷின்கள், மேலே வீடு. ஒருவர் கை தைப்பார், ஒருவர் பை தைப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் காலர் தைப்பேன். முழுச் சட்டையை ஒரே ஆள் தைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷத்தோடு என்னை நிறுத்திவிட வாப்பாவுக்கு எண்ணம். எனக்கோ ஒன்பதாவது போக ஆசை. உம்மா விடாமல் பேசியதில் வாப்பா கொஞ்சம் இறங்கினார்.

"தையல் பரீட்சைல பாஸாவட்டும், அனுப்புதேன்."

பரீட்சையில் சின்னப் பிள்ளைச் சட்டை தைக்க வேண்டும். துணியை வெட்டியே கொடுத்திருந்தார்கள். நான் காலரைத் தைத்து, திருப்பி, முனையை இழுத்துவிட்டு, மீதித் துணியை அப்படியே பக்கத்து மிஷின்காரியிடம் தள்ளினேன்.

"என்னளா இது?" என்று அவள் முழித்தாள்.

"ஒன் வேலை. வெரசா தைளா."

பரீட்சை வைக்க வந்த மராட்டிக்கார அம்மா, நாங்கள் பாயி என்று கூப்பிடுபவர், காலரைத் தூக்கிப் பார்த்து, மீதி எங்கே என்று இந்தியில் கேட்டார்.

"பாக்கி அடுத்த மிஷின்ல வரும், பாயி."

வகுப்பே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். கடையில்கூட இப்படிக் காலர் இல்லை என்று டீச்சரிடம் காட்டினார். பிறகு ஃபெயில் போட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து ஃபெயிலை மெதுவாகவும், கடைக் காலரைப் பற்றிச் சத்தமாகவும் சொன்னேன். வாப்பா மிஷினை நிறுத்தினார்.

"எம் மவ கையப் பாத்தியளா! அந்தப் பாயியே அசந்துட்டா. இனிமே அவுக என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறாக?"

கார்கானாவே கைதட்டியது. உம்மா மட்டும் மாடிப்படியில் நின்றபடி, "அப்ப ஒம்பதாவது?" என்று கேட்டார். வாப்பா மறுபடி மிஷினை மிதித்தார். இவ்வளவு பெருமை வந்திருக்கும் நேரத்தில் உம்மா எதையோ பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை ஜன்னலோர மிஷினை வாப்பா எனக்கே எனக்கென்று ஒதுக்கினார். பரீட்சையில் கிடைத்த பரிசு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.