மூத்த தாரத்துப் பிள்ளைகள்

அன்புசெல்வனுக்கு வாய் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன். தெருவில் பத்து வீடு கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவனும் அவன்தான். இதில் எது அவனை அதிகம் கெடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

கேன்டீனில் அவனுக்கு எதிராளி கிரேன் ஓட்டும் மோகன்ராஜ், பெந்தெகொஸ்தே சபைக்காரன். மூன்று மாதமாக இருவருக்கும் ஒரே வழக்கு: இயேசுவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா, இல்லையா? மோகன்ராஜ் செல்போனில் பைபிளின் மத்தேயுவைத் திறந்துவைத்து யாக்கோபு, யோசே, சீமோன், யூதா என்று பெயர்களை அடுக்குவான். அவர்களெல்லாம் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்பான் அன்புசெல்வன். சாப்பாடு ஆறிப்போகும்.

அன்று அவன் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். மாதாவின் கணவர் சூசையப்பரைப் பற்றி, சர்ச்சில் தியானம் கொடுக்க வந்த சாமியார் ஒருவர் சொன்னது.

"அவங்க சூசையப்பரோட மூத்த தாரத்துப் புள்ளைங்க. மாதாவுக்குப் பொறந்தது ஒண்ணுதான்."

"சரி, அப்பிடியே வச்சிக்கோ," என்றான் மோகன்ராஜ். "ஒரே ஊட்ல வளந்துகினு இருந்தாங்க. அந்தம்மாதான் சோறு போட்டிருக்கும். அப்ப அண்ணன் தம்பி இல்லியா?"

"இன்னாபா பேசற? சோறு போட்டா கூடப் பொறந்தவனா ஆயிடுவானா? மூத்த தாரத்துப் புள்ள எப்பவும் மூத்த தாரத்துப் புள்ளதான். வயிறு வேற, புள்ளையும் வேற!"

மேசையைத் தட்டிச் சொன்னான். ஜெயித்துவிட்டோம் என்று அன்புசெல்வன் ஒரு வாய் சோறு அள்ளினான். மோகன்ராஜ் தன்னைப் பார்க்கவில்லை, தன் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பின்னால் மோர் டம்ளரோடு சின்னதுரை நின்றிருந்தார். அதே ஆலையில் கான்ட்ராக்ட் லோடுமேன். அன்புசெல்வனின் அப்பாவுக்கு மூத்த தாரத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவரை வளர்த்தது அன்புசெல்வனின் அம்மா ஆரோக்கியமேரி. அப்பா போனதும் ஒன்பதாம் வகுப்போடு நின்று மூட்டை தூக்கப் போனார். அந்தக் கூலியில்தான் தம்பி ஐடிஐ முடித்தான். கேன்டீனில் இது தெரியாத ஆள் கிடையாது.

டம்ளரை வழக்கம்போலத் தம்பியின் தட்டருகே வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

அந்த மோரை அன்புசெல்வனால் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. யார்மேலாவது பழியைப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேசியது அவன் வாய்தான்.

மறுநாளிலிருந்து சின்னதுரை வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அன்புசெல்வன் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதான்.

"கடவுள் மன்னிப்பாரு. அண்ணன்கிட்ட கேட்டியா?" என்றார் ஃபாதர்.

கேட்கவில்லை. நாசரேத்துக் குடும்பத்தைப் பற்றி மூன்று மாதம் முழங்கியவனுக்கு, நாலு வீடு தள்ளியிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. இரண்டு முறை அந்த வாசல்வரை போய், செருப்பைக் கழற்றாமலே திரும்பினான்.

மகள் கவிப்பிரியாவின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும் காலை வந்தது. குடும்பத்தில் மூத்தவர் கையால் நடுவதுதான் அவர்கள் வழக்கம். அண்ணன் வருவாரா, மாட்டாரா என்று விடிந்ததிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான் அன்புசெல்வன்.

வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை; கையில் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை. அன்புசெல்வனுக்குப் போன உயிர் திரும்பியது.

"சின்னதுரை, நீ வந்து நடுப்பா," என்றாள் ஆரோக்கியமேரி.

"தோ வந்துட்டேம்மா."

புடவையை அம்மாவிடம் கொடுத்தார். மஞ்சள் பூசிய மூங்கிலைத் தோளில் சாய்த்து, கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"எந்தப் பக்கம் நடணும் சார்?"

கம்பெனியில்கூட அவர் தம்பியை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. ஆரோக்கியமேரி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணா என்று சொல்லத்தான் அன்புசெல்வன் வாயைத் திறந்தான். வரவில்லை. வாசலின் இடது பக்கத்தைக் கையால் காட்டினான்.