மகள் வாசலில் இருந்து திரும்பிய காலை

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். என் எழுத்து கோட்டின்மேல் நிற்காது, வரி முடிவதற்குள் கீழே சரிந்துவிடும். எந்த இடத்தில் எந்த ளகரம் போடுவது என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு தமிழில் எழுதியது என்றால் கல்யாண மொய் உறைகளில் பெயர் எழுதியதுதான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவும் கூச்சம். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

என் மகளுக்கு விமானிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சேர்வதா வேண்டாமா என்று சொல்ல இரண்டு வாரம் தந்திருந்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் நான் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை.

அவளுக்கு ஏற்கெனவே நல்ல வேலை இருந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நகத்தில் கிரீஸ் இருக்கும், பேச்சில் எஞ்சின் இருக்கும். புதிய இடத்தை ஏற்றுக்கொண்டால் அதை விட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்திரேலியாவில் பயிற்சி. பிறகு பல வருடம் பயிற்சி தரும் விமான நிறுவனத்தை விட்டு நகரக் கூடாது என்று ஒப்பந்தம். கொரோனா சமயத்தில் விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றதையும், விமானிகள் வேறு வேலை தேடிப் போனதையும் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் விண்ணப்பித்தவள் அவள்தான். ஆனால் இடம் கிடைத்த பிறகு அதைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. என் மனைவி இருந்திருந்தால் முதல் நாளே சத்தம் போட்டு, அழுது, ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருப்பாள். அவள் போய் நாலு வருடம் ஆகிறது. மிச்சம் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் பேச வராது.

ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். அங்கே லாரி ஓட்டும் பையனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அது தப்பாகிப் போயிற்று.

"அண்ணே, இனிமே உங்களுக்கு ஓசி டிக்கெட் லா! ஊர் ஊராச் சுத்தலாம்."

"சும்மா இருப்பா."

"இரண்டு இஞ்ச் பைப் கேட்டா ஒண்ணரை இஞ்ச் எடுத்துத் தர்றீங்க. இப்பவே மேல பறக்குறீங்கண்ணே!"

அவன் சொன்னது உண்மை. அந்த வாரம் முழுவதும் கை ஒன்றை எடுத்தது, மனம் வேறெங்கோ இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டை நீட்டினால் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பார். எப்போதும் மகள்தான் பக்கத்தில் நின்று சொல்வாள். அன்று தனியாகப் போனதால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையிலிருந்து விலகிவிட்டேன். அவளுக்கு இது அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, அமையக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்பதும் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து நடந்தேன். கால் பழக்கத்தில் ஜாலான் புசாருக்குப் போய்விட்டது. கடை பூட்டிக் கிடந்தது. திரும்பி நடந்து ரயில் ஏறினேன். வீட்டுக்கு உட்லண்ட்ஸ் வரை போக வேண்டியவன் காரணமில்லாமல் செம்பவாங்கில் இறங்கினேன். என் அப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். காலையில் போவார், சாயங்காலம் வருவார். எந்த நேரம் கேட்டாலும் அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களால் சொல்ல முடியும். என் மகள் விமானியானால், இந்த நேரத்தில் அவள் எந்த நாட்டில் தூங்குகிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கேயும் நிற்க முடியவில்லை. அடுத்த ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். கையெழுத்துப் போடத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஷூவை மாட்டிக்கொண்டு அடுக்குமாடி நடைபாதையில் காலை வைத்தாள்.

பக்கத்து வீட்டில் மலாய்க்கார அம்மா இருக்கிறார். மக்சிக், அதாவது அத்தை என்பதுபோல, கூப்பிடுவோம். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"பெகி மானா?"

எங்கே போகிறாய் என்று அர்த்தம். நாம் சாப்பிட்டாயா என்று கேட்பதைப்போல அது அவர்களுக்கு அன்பான விசாரிப்பு. நம் ஆட்களுக்கோ, வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டாலே போகிற காரியம் கெட்டுவிடும். இத்தனை வருடமாக அவர் தினமும்தான் கேட்கிறார், நான் பொருட்படுத்தியதில்லை. அன்று மட்டும் என் வாய் முந்திக்கொண்டது.

"உள்ள வாம்மா. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

"அப்பா, சீரியஸா? மக்சிக் டெய்லி கேக்குறாங்கப்பா!"

"வா, சொல்றேன்ல."

சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க போறேன்னு நீங்களும் கேக்கலாம்ல ப்பா. வேணாம்னு சொல்லத்தான் போறேன்."

எனக்கு நெஞ்சு லேசாகும் என்றுதான் எதிர்பார்த்திருப்பேன். மாறாக, யாரோ என் கையிலிருந்து எதையோ பிடுங்கியது போல இருந்தது.

"ஏன்?"

"போன மாசம் கிளினிக்ல நர்ஸ் உங்க பேரைக் கூப்பிட்டாங்க. நீங்க எந்திரிக்கவே இல்ல. என் முகத்தைப் பாத்தீங்க. நான் இல்லன்னா யார் முகத்தைப் பாப்பீங்க?"

எழுந்து ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன். இரண்டு வாரமாக வேலை, ஒப்பந்தம், ஆஸ்திரேலியா என்று எல்லாவற்றையும் நினைத்துப் புரண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"உனக்குப் புடிச்சிருக்கா?"

அவள் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

"என்னை விடு. கிளினிக்கை விடு. உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரிப்பேர் முடிஞ்சு ஒவ்வொரு தடவையும் பிளேன் கிளம்பும்போது கீழ நின்னு பாப்பேன்பா. நான் சரி பண்ணினது, நான் இல்லாம போகுதேன்னு இருக்கும்." ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அதற்குள் மக்சிக் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கிளம்பிய பெண் ஏன் உள்ளே போனாள், உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். பழக்கத்தில் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்தாள். நானே கதவருகே போனேன். காது சூடாகிவிட்டது.

"அனாக் சாயா மாவ் ஜாடி பைலட்," என்றேன். என் மகள் பைலட் ஆகப்போகிறாள். நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குச் சத்தத்தை அளந்து பேசத் தெரியாது.

மக்சிக் தண்ணீர் வாளியை அப்படியே வைத்துவிட்டு "யா அல்லா!" என்று கத்தி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. மகள் பின்னால் நின்று, "போச்சு. இனிமே வேணாம்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் வரவே முடியாது," என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

எனக்கு அதனால் நிம்மதி வந்துவிடவில்லை. போன வாரம் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன், தவறான அறைக்குள் போனேன், ஒரு பெண்மணி வழி காட்டினார். மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வெள்ளிக்கிழமை அவள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் புறப்படுகிறாள். பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கிறது. அதைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறேன். மிளகாய்த்தூள் பொட்டலத்தை உள்ளே வைக்கிறேன், அவள் வெளியே எடுத்துவிடுகிறாள், மறுபடி வைக்கிறேன்.

உட்லண்ட்ஸ், 9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை.