சகலை மாட்டிய பூட்டு

எங்கள் வீட்டு மர அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரு சிவப்புப் பூட்டு தொங்குகிறது. அந்தச் சின்ன அலமாரிக்குப் பொருந்தாத முரட்டுப் பூட்டு. வண்ணம் பாதி உதிர்ந்துவிட்டது. அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய ஓர் எண் இருக்கிறது. அது சுரங்கத்தில் என் சகலைக்குக் கொடுத்திருந்த டோக்கன் எண். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள், இவ்வளவு பெரிய பூட்டு போட்டு உள்ளே என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்று. நான் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். எனக்குப் பேச வராது. என் மனைவிதான் பதில் சொல்வாள், "நாலு புடவையும் இவரோட சந்தேகமும் இருக்குது" என்று.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. நாங்கள் இருவரும் சுரங்கத்தில் ஒரே பிரிவில், கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தோம். அவர் பர்மனென்ட். நான் காண்ட்ராக்ட். பெண் எடுத்த வீடு ஒன்றுதான், ஆனால் அவர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார், நான் கிராமத்திலிருந்து சைக்கிளில் போவேன். மண்ணும் நிலக்கரியும் போகிற அந்த பெல்ட்டில் பழுது பார்க்க இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். நிறுத்திய பெட்டியில், இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்ட வேண்டும். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. சாவி அவரவர் சட்டைப் பையில். வேலை முடிந்து ஏறி வந்து அவரவர் பூட்டை அவரவரே திறந்தால்தான் பெல்ட் மறுபடி ஓடும். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக்கூடாது. பூட்டு மாட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓடாது என்று தெரிந்துதான் அமுக்குகிறோம். இருந்தாலும் அது ஓடாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைப்போம்.

எல்லோருக்கும் அந்தப் பழக்கம் சுரங்கத்து வாசலோடு நின்றுவிடும். எனக்கு வீடு வரைக்கும் வந்துவிட்டது. சிலிண்டரை மூடினால் அடுப்பைத் திருகிப் பார்ப்பேன். பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினாலும் முன்னால் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். மனிதர்களிடம் எதையும் நேராகக் கேட்கக் கூச்சம். கேட்காததால் சந்தேகம் உள்ளேயே கிடந்து வளரும். "நாலு பேர் முன்னாடி வாயத் தொறக்க மாட்டாரு, மனசுக்குள்ள மட்டும் போலீஸ் ஸ்டேஷனே நடத்துவாரு" என்று என் மனைவி அவள் அக்காவிடம் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மாதக் கடைசி நாள் என்றால் டவுன்ஷிப்பில் எங்காவது பட்டாசு வெடிக்கும். ஓய்வு பெறுகிறவரை மாலையும் கழுத்துமாக வண்டியில் ஏற்றி, ஷிப்ட் ஆட்கள் எல்லாம் பின்னால் வர, குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டு வந்து இறக்குவார்கள். ஆரத்தி எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் நிற்கும். கையில் ஸ்வீட் பெட்டி, கக்கத்தில் பை. செட்டில்மென்ட் பணத்தை எதில் போடலாம் என்று சொல்ல வந்த ஏஜென்டுகள். சகலையின் கடைசி நாளில் அப்படி ஏழெட்டுப் பேர் நின்றதைப் பார்த்தேன். அவர் எல்லோரிடமும் ஸ்வீட் பெட்டியை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க" என்று உபசரித்தார். அடுத்த வருஷமே அவரும் பரீட்சை எழுதி மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஆகி, ஸ்வீட் பெட்டியோடு அடுத்தவர் வாசலில் நிற்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கை நிறையச் செட்டில்மென்ட் வாங்கிய மனிதன் எதற்கு வெயிலில் அலைய வேண்டும்? பணத்தாசை என்று நினைத்தேன். இன்னொன்றும் மனதில் உறுத்தியது. ஓய்வு பெறும்போது பூட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து அதற்கான பணத்தைக் கட்டினார். தொலைந்ததாகச் சொன்ன பூட்டை அவர் ஸ்கூட்டர் பெட்டியில் நான் பார்த்தேன். ஒரு பூட்டுக்குப் பொய் சொல்கிறவர் வேறு எதற்கெல்லாம் சொல்வார் என்று என் போலீஸ் ஸ்டேஷன் அன்றே ஒரு வழக்குப் பதிவு செய்துவிட்டது.

பிறகு என் முறை வந்தது. அப்பா வழி நிலம் சுரங்கத்துக்குப் போய், வந்த நஷ்டஈட்டை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டதில் என் பங்கு வங்கியில் வந்து விழுந்தது. காண்ட்ராக்ட்காரனுக்கு ஓய்வுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் வராது. உடம்பு ஒத்துழைக்கிற வரைக்கும் வேலை. அதற்குப் பிறகு எனக்கும் என் மனைவிக்கும் சோறு என்றால் அந்தப் பணம்தான். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, அவளிடம் போய் நிற்க முடியாது. நிலமாக இருந்தபோது யாரும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. பணமான பிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்டார்கள்.

சகலை இரண்டு அட்டைகளோடு வந்தார். ஒன்று பச்சை, ஒன்று நீலம். இரண்டும் பேலன்ஸ்டு ஃபண்ட். அப்படி என்றால் என்ன என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். "மண்ணு வெட்டுற பெரிய மெஷின் இருக்குதில்ல சகல, முன்னாடி சக்கரம் வெட்டிக்கினு போவுது. பின்னாடி ஒரு எடைக்கட்டு தொங்குது. அது இல்லன்னா மெஷின் குப்புற கவுந்துடும். இதுல ஷேரு முன்னாடி சக்கரம். கடன் பத்திரம் பின்னாடி எடை. அவ்ளோதான்." பச்சை அட்டைக்காரர்கள் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பிவைப்பார்களாம். நீல அட்டையில் ஒன்றும் வராது, உள்ளேயே கிடந்து வளரும், தேவைப்படும்போது நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சை அட்டையில் ஒரு கிழவனும் கிழவியும் மலை மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். நெய்வேலி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுச் சிரிக்கிற கிழவனை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே அந்த அட்டையின் மேல் ஒரு சந்தேகம்.

"எது நல்லதுண்ணே?" என்றேன். "ரெண்டும் நல்லதுதான்" என்றார். ரெண்டும் நல்லதென்று கடைக்காரன் சொன்னால் எதில் அவனுக்கு அதிகம் நிற்கும் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கமிஷன் பற்றிக் கேட்க நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்து, "நீங்க எதுல போட்டிருக்கீங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்த முருங்கை மரத்த வெட்டிடு சகல, கம்பளிப்பூச்சி வருது பாரு" என்றார். அடுத்த தடவை கேட்டபோது வெயிலைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த தடவை காபியில் சர்க்கரை கம்மி என்றார். ஊருக்கெல்லாம் விற்கிறவர் தான் எதை வாங்கினேன் என்று சொல்லமாட்டேன் என்கிறாரே! வங்கியில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதிலும் ஒரு கிழவனும் கிழவியும், இந்தத் தடவை கடற்கரையில்.

என் மனைவிக்குப் பச்சைதான் பிடித்திருந்தது. மாதாமாதம் வந்தால் சம்பளம் மாதிரி. "மாமாவையே சந்தேகப்படுறீங்களே, நம்ம பொண்ணு கல்யாணத்துல பந்தியில நின்னு எல எடுத்தவரு அவரு" என்றாள். இலை எடுத்ததை நான் மறுக்கவில்லை. இலை எடுக்கக் கமிஷன் கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நான் பட்டனை அமுக்கினேன். என் மனைவி அவள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். "அண்ணே, யோசிச்சிட்டேன். எல்லாத்தையும் பச்சையிலயே போட்டுடலாம். வங்கியில ஒண்ணும் வைக்க வாணாம்" என்றேன். நல்லவராக இருந்தால் பதறி, மொத்தத்தையும் ஒன்றில் போடாதே என்பார். இல்லாவிட்டால் சந்தோஷப்படுவார். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். அவர் பதறவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. "சரி" என்று சொல்லிப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். என் பெயரை எழுதினார். அப்பா பெயரை எழுதினார். முகவரி எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தாமலே, "இன்னா சகல, பட்டன அமுக்கிப் பாக்குறியா?" என்றார்.



"பெல்ட்டு ஓடத்தான் பாத்துது" என்றார் அவரே. "பேரு எழுதுற வரைக்கும் ஓடிடுச்சி. பச்சையில இந்த மாசம் எனக்குக் கமிஷன் கொஞ்சம் சேத்துத் தர்றாங்க. எனக்கு இப்ப அது வோணும்."

பிறகுதான் மீதியைச் சொன்னார். அவர் பணம் எந்த ஃபண்டிலும் இல்லை. ஸ்வீட் பெட்டியோடு வந்த ஒருவன் பேச்சை நம்பி, மாதாமாதம் வட்டி தருகிற ஒரு கம்பெனியில் முக்கால்வாசியைப் போட்டிருக்கிறார். "கொஞ்ச நாளு ஒழுங்கா வந்துகினே இருந்துச்சி சகல. வந்ததுல சந்தோஷம். வந்தது பூரா எம் பணமேதான்னு அவன் கதவ சாத்திக்கினு போனப்புறம்தான் தெரிஞ்சிது. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. வூட்ல எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்லிக்கினு இருக்கிறேன்." பச்சை அட்டைக்காரர்கள் அப்படி ஓடுகிறவர்கள் இல்லை, சட்டப்படி நடக்கிறவர்கள் என்றார். ஆனால் மாதாமாதம் அனுப்புவது லாபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நம் பணத்திலிருந்தே எடுத்து நமக்குத் தரலாம், தந்த அளவுக்கு உள்ளே இருப்பது குறையும், கூட்டமான கூட்டம் அதைத்தான் கேட்டு வாங்குகிறது என்றார். நீலம் மட்டும் என்ன, அதுவும் இறங்கும், சில வருஷம் பார்க்கவே பயமாக இருக்கும் என்றார். நீலத்திலும் தனக்குக் கமிஷன் உண்டு, கம்மி, ஆனால் உண்டு என்றும் சொன்னார். நான் கேட்கக் கூசியதற்கெல்லாம் கேட்காமலே பதில் வந்துகொண்டிருந்தது. அப்போதும் எனக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, இதுவும் ஒரு வகை வியாபாரப் பேச்சாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தான்.

விண்ணப்பத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புப் பூட்டை எடுத்து வந்தார். செக் புத்தகத்தையும் இரண்டு அட்டைகளையும் அலமாரியில் வைக்கச் சொல்லி, கைப்பிடிகளைச் சேர்த்துப் பூட்டை மாட்டினார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இரண்டு சாவிகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். "ஒரு மாசம் தொறக்காத. நானே வந்து கேட்டாலும் தொறக்காத. எறங்கப்போறவன் நீ, சாவி ஒங்கிட்டதான் இருக்கணும்" என்றார். அந்தப் பூட்டை ஏன் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்று அன்றும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு திறந்தேன். பாதிக்கு மேல் அஞ்சலகத்திலும் வங்கியிலும் வைத்தேன். மீதியை நீலத்தில், சகலை மூலமாகவே போட்டேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போட்ட ஆறாம் மாதம் கொஞ்சம் பணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், வருகிறதா என்று. வந்தது. இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். "இந்தச் சின்னத் தொகை எதுக்குங்க?" என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். இடையில் ஒரு வருஷம் சகலை சொன்ன மாதிரியே நீலம் பயங்கரமாக இறங்கியது. தினம் வந்து என்னோடு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஃபண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பளிப்பூச்சியைப் பற்றி மட்டும் பேசினார். அவர் இறந்த பிறகு என் மனைவியின் அக்காள் என்னிடம் சொன்னாள், "பணம் போனது எனக்கு அப்பவே தெரியும். அவருக்குத்தான் எனக்குத் தெரியும்னு தெரியாது." அந்த வீட்டிலும் யாரோ பட்டனை அமுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

போன வாரம் ஓர் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். நன்றாகச் சட்டை போட்டிருந்தார், கையில் டேப்லெட். நீலம் பழசாகிவிட்டது, அதைவிட நல்ல பேலன்ஸ்டு ஃபண்ட் வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன், "சரிங்க தம்பி, எல்லாத்தையும் மாத்திடலாம். அஞ்சலகத்துல இருக்கிறதையும் எடுத்து இதுலயே போட்டுடலாம்."

அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைத் தட்டியது. அப்பா பெயரைத் தட்டியது. முகவரியைத் தட்டியது. எங்கேயும் நிற்கவில்லை. "பான் கார்டு மட்டும் எடுத்தாங்க சார், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார்.

பான் கார்டு இருக்கிற அலமாரியைப் பார்த்தேன். சிவப்புப் பூட்டு அசையாமல் தொங்கியது. என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"சாவி கெடைக்கல தம்பி" என்றேன். "நீங்க காபி சாப்பிட்டுட்டுப் போங்க."